ரயில் விட்டுச்சென்ற வழி: ஸ்காட்லாந்தின் ஏரிக்கரை மிதிவண்டிப் பாதைகள்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில், ஒருபுறம் ஏரியும் மறுபுறம் காடு மூடிய சரிவும் துணைவர, கார்களும் லாரிகளும் குறுக்கிடாமல் மணிக்கணக்கில் மிதிவண்டியில் செல்லத்தக்க பாதைகள் பல உள்ளன. இவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இயற்கையின் அழகையே பேசி முடித்துவிடுகின்றனர். ஆனால் இப்பாதைகளுள் மிதிவண்டிக்கென்றே முதன்முதலில் வெட்டப்பட்டவை மிகச் சிலவே. எஞ்சியவற்றில் ஒன்று மூடப்பட்ட ரயில் தடம், மற்றொன்று ஒரு பெருநகரின் குடிநீர்த் திட்டத்திற்கான சாலை, வேறொன்று படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற கால்வாய்க்கரை, இன்னொன்று போக்குவரத்து வேறிடம் மாறியபின் ஒதுங்கிக் கிடந்த பழைய நெடுஞ்சாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழில் யுகம் தன் தேவைக்காகச் செய்து பின்னர் கைவிட்டவற்றை, இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வேறொரு பயனுக்கு எடுத்துக்கொண்டதன் விளைவே இன்று காணும் அமைதி.

நிலம் விதித்த நெருக்கடி

ஸ்காட்லாந்தில் ஏரியை ‘லொக்’ என்றும், மலைகளுக்கு இடையே ஒடுங்கி நீண்ட பள்ளத்தாக்கைக் ‘கிளென்’ என்றும் வழங்குவர். மத்திய ஸ்காட்லாந்தின் தாழ்நிலமும் வடமேற்கின் மேட்டுநிலமும் சந்திக்கும் இடத்தில் மாபெரும் நிலப்பிளவு ஒன்று நாட்டைக் குறுக்காக வெட்டிச் செல்கிறது. ஆபர்ஃபாயில், கேலண்டர் ஆகிய சிற்றூர்கள் இந்தப் பிளவை ஒட்டியே அமைந்திருப்பதால், அவற்றைத் தாண்டியதும் வயல்வெளி முடிந்து மலை தொடங்கிவிடுகிறது. பனியூழிக் காலத்தில் மலைகளிலிருந்து இறங்கிய பனியாறுகள் பள்ளத்தாக்குகளை ஆழமாகக் குடைந்தன. சுமார் 11,500 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியாறுகளும் உருகி மறைந்தபின், குடைந்த பள்ளங்களில் நீர் தேங்கி நின்றதே இந்த நீண்ட, ஒடுங்கிய ஏரிகளின் தோற்றம்.

இத்தகைய நிலத்தில் வழி அமைப்பது எளிதன்று. ஏரிக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே கிடைக்கும் சமநிலம் பல இடங்களில் ஒரு சாலையின் அகலத்தைத் தாண்டாது. அந்தச் சாலையிலேயே சுற்றுலாப் பேருந்தும் மரம் ஏற்றிய லாரியும் சென்றாக வேண்டும் என்பதால், மிதிவண்டிக்கு அங்கே இடமில்லை. ஆகவே கார் இல்லாத வழி வேண்டுமானால், ஏரியின் மறுகரையிலோ மலையின் சற்று உயர்ந்த தளத்திலோ முன்னரே யாரேனும் ஒரு வழியைச் செதுக்கி வைத்திருக்க வேண்டும். அந்தப் பணியை ரயில்வே பொறியாளர்கள் செய்து வைத்திருந்தனர்.

கேலண்டர் முதல் கில்லின் வரை

வால்டர் ஸ்காட் 1810இல் வெளியிட்ட ‘தி லேடி ஆஃப் தி லேக்’ என்னும் நெடுங்கவிதையின் களம் லொக் கேட்ரின் ஏரியும் அதைச் சூழ்ந்த ‘டிராசக்ஸ்’ மலைக்காடும் ஆகும். அந்நூல் பெற்ற புகழால் அப்பகுதிக்குப் பயணிகள் திரளாக வரத் தொடங்கினர்; 1858இல் டன்பிளேனிலிருந்து கேலண்டருக்கு ரயிலும் வந்து சேர்ந்தது. அத்தடத்தை மேற்குக் கடற்கரையிலுள்ள ஓபன் துறைமுகம் வரை நீட்டுவதற்கு 1865இல் நாடாளுமன்றத்தின் அனுமதி கிடைத்தது என்றாலும், பணத் தட்டுப்பாடும் கடினமான நிலமும் சேர்ந்து வேலையைத் தாமதப்படுத்தின. 1870இல் கிளென் ஓகில் பள்ளத்தாக்கின் உச்சியை எட்டிய தடம், ஓபனை அடைந்தது 1880இல்தான்.

கேலண்டருக்கு வடக்கே உள்ள லொக் லப்னெய்க் ஏரியின் கிழக்குக் கரையில் சாலை ஏற்கெனவே அமைந்திருந்ததால், ரயில் மேற்குக் கரையைப் பிடித்துக்கொண்டது. அதேபோலக் கிளென் ஓகிலின் அடித்தளத்தில் சாலை செல்ல, ரயில் தடம் மேற்குச் சரிவின் மேல்மட்டத்தில், பாறையை வெட்டி அமைத்த மேடையின்மேல் ஏறிச் சென்றது. சாலையும் ரயிலும் இவ்வாறு பள்ளத்தாக்கைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட காரணத்தால்தான், ரயில் நின்றபின் அதன் தடம் சாலையின் இரைச்சலிலிருந்து விலகிய தனிவழியாக மிதிவண்டிகளுக்குக் கிடைத்தது.

ரயில் நின்ற கதையும் அறியத்தக்கது. பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவராக இருந்த ரிச்சர்ட் பீச்சிங் 1963இல் வெளியிட்ட அறிக்கை, வருவாய் குறைந்த ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத் தடங்களை மூடப் பரிந்துரைத்தது. கேலண்டர் வழித்தடம் 1965 நவம்பர் தொடக்கத்தில் மூடப்படுவதாக இருந்தது. ஆனால் அதற்கு ஒரு மாதத்திற்குமேல் இருக்கையிலேயே, செப்டம்பர் 27 அன்று கிளென் ஓகிலில் மலைப்பாறைகள் சரிந்து தடத்தை அடைத்துக்கொண்டன. எப்படியும் மூடவிருக்கும் தடத்தைச் சீர்செய்வது வீண்செலவு என்று கருதப்பட்டதால், அன்றே அதன் ஆயுள் முடிந்தது. ஓபன் செல்லும் ரயில்கள் கிரியன்லாரிக் வழியாகத் திருப்பிவிடப்பட்டு, இன்றும் அவ்வாறே ஓடுகின்றன.

இந்தத் தடம் இப்போது பிரிட்டனின் தேசிய மிதிவண்டி வலையமைப்பில் 7ஆம் எண் வழியின் ஒரு பகுதி. கேலண்டரை விட்டதும் லெனி ஆற்றின் அருவிகளுக்கு அருகே காட்டினூடே சென்று, லப்னெய்க்கின் மேற்குக் கரையைத் தொட்டு, ஸ்ட்ராத்தயர் ஊரை அடைகிறது. சுமார் 14 கி.மீ. நீளமுள்ள இப்பகுதியே குழந்தைகளோடு செல்வோருக்கு மிகவும் ஏற்றது. அதற்கு அப்பால் பால்விட்டர் என்னும் சிற்றூர். மாடு வணிகராகவும் சட்டத்திற்கு அடங்காதவராகவும் வாழ்ந்து நாட்டுப்புறக் கதைகளில் இடம்பெற்ற ராப் ராய் மெக்ரெகர் 1734இல் இறந்தபின் அடக்கம் செய்யப்பட்ட இடம் அங்குள்ள தேவாலய வளாகம்.

லொக் எர்ன் ஏரியின் தலைப்பகுதியில் இருந்து கிளென் ஓகிலுக்கு ஏறுமிடம் இவ்வழியின் கடினமான பகுதி. அங்கே இரு ரயில் தடங்கள் இருந்தன: ஒன்று ஏரியின் மட்டத்தை ஒட்டிக் காம்ரி ஊருக்குச் சென்ற கிளைத்தடம், மற்றொன்று அதற்கு மேலே மலையில் ஏறிய ஓபன் தடம். கீழ்த்தடத்திலிருந்து மேல்தடத்திற்கு மிதிவண்டிகள் ஏறுவதற்குக் கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட செங்குத்தான இணைப்பு அமைக்கப்பட்டுள்ளது. பலர் அதில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகின்றனர். மேல்தடத்தை அடைந்துவிட்டால் ஏற்றம் சீராகிவிடுகிறது. ‘வயடக்ட்’ எனப்படும் பல வளைவுத் தூண்பாலங்கள் பொதுவாகப் பள்ளத்தாக்கைக் குறுக்காகக் கடப்பவை. கிளென் ஓகிலின் 12 வளைவுகள் கொண்ட பாலமோ பள்ளத்தாக்கைக் கடக்காமல், தடம் பதிக்க நிலமே இல்லாத சரிவை ஒட்டி மலையின் ஓரமாகவே செல்கிறது. உச்சியைத் தாண்டியபின் காட்டு வழியில் கில்லின் ஊருக்கு இறக்கம். ஊரின் நடுவே டாக்கர்ட் ஆறு பாறைகளின்மீது சிதறி ஓடும் அருவியைப் பழைய கற்பாலத்தில் நின்று பார்க்கலாம்.

ரயில் தடம் கால்களுக்கு ஏன் இசைகிறது?

எஃகுச் சக்கரத்திற்கும் எஃகுத் தண்டவாளத்திற்கும் இடையே உராய்வு மிகக் குறைவு என்பதால், சமநிலத்தில் ரயில் குறைந்த ஆற்றலில் ஓடுகிறது. அதே காரணத்தால் செங்குத்தான ஏற்றத்தில் அதன் சக்கரம் வழுக்கி நின்றுவிடும். ஆகவே ரயில்வே பொறியாளர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் பாலம் கட்டியும் ஏற்றத்தைக் குறைத்தனர். கிளென் ஓகிலின் கடும் ஏற்றம் என்று நீராவி இயந்திர ஓட்டுநர்கள் அஞ்சியது 60க்கு 1 என்னும் சரிவு, அதாவது 60 மீட்டர் முன்னேறினால் 1 மீட்டர் உயர்வு.

மிதிவண்டி ஓட்டுபவருக்கு இதன் பொருள் என்ன என்பதை எளிய கணக்கால் காட்டலாம். ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 90 கிலோ என்று கொண்டால், 60க்கு 1 என்ற ஏற்றத்தில் மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் செல்லப் புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 57 வாட் ஆற்றல் போதும். காற்றின் தடையும் தரையின் உராய்வும் சேர்ந்தாலும் நலமுள்ள சாதாரண மனிதர் ஒருவர் மூச்சுவாங்காமல் தொடர்ந்து தரக்கூடிய அளவிற்குள் அது அடங்கும். மலைச்சாலைகளில் இயல்பாக எதிர்ப்படும் 10க்கு 1 என்ற ஏற்றத்தில் அதே வேகத்திற்கு 340 வாட் தேவைப்படும். அதைச் சில நிமிடங்களுக்கு மேல் தருவது பயிற்சி பெற்ற பந்தய வீரருக்கே இயலும். நீராவி இயந்திரத்தின் பலவீனத்தைக் கருதி வெட்டப்பட்ட சரிவு, நூறாண்டு கழித்து மனிதக் கால்களின் பலவீனத்திற்கும் அளவாகப் பொருந்திவிட்டது.

கேட்ரின் ஏரி: குடிநீர் காத்த சாலை

லொக் கேட்ரினின் வடகரைச் சாலைக்குப் பின்னணி வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விரைந்து பெருத்த கிளாஸ்கோ நகரைக் காலரா மீண்டும் மீண்டும் தாக்கியது. 1832, 1848–49, 1853–54 ஆகிய ஆண்டுகளின் கொள்ளைநோய்களுக்குப் பின், நகருக்குத் தூய நீரை மலையிலிருந்தே கொண்டுவர நகராட்சி முடிவு செய்தது. ஜான் ஃபிரெடரிக் பேட்மன் என்னும் பொறியாளர் வகுத்த திட்டப்படி, ஏரியின் மட்டம் அணையால் உயர்த்தப்பட்டு, சுமார் 42 கி.மீ. நீளமுள்ள சுரங்கமும் கால்வாயும் வழியே நீர் எந்த இறைப்பு இயந்திரமும் இன்றிப் புவியீர்ப்பாலேயே நகரின் எல்லைக்கு வந்தது. 1859 அக்டோபரில் விக்டோரியா அரசி இதைத் திறந்துவைத்தார். இன்றும் கிளாஸ்கோவின் குடிநீரில் பெரும்பகுதி இந்த ஏரியிலிருந்தே வருகிறது.

ஏரியைச் சுற்றியுள்ள நிலமும் அதன் கரைச் சாலையும் குடிநீர் நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பதால், வடகரையில் டிராசக்ஸ் படகுத்துறையிலிருந்து ஸ்ட்ரோனக்லாக்கர் துறை வரை செல்லும் சுமார் 20 கி.மீ. தார்ச்சாலையில் பொதுமக்களின் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அங்கு வசிக்கும் சில குடும்பங்களின் வண்டிகளும் பராமரிப்பு வண்டிகளுமே எப்போதாவது எதிர்ப்படும். ரயில் தடத்தைப் போல் இது சமமானதன்று, ஏற்ற இறக்கம் தொடர்ந்து மாறி மாறி வரும்; ஆனால் தரை மழமழப்பானது, மேலும் ஏரி பெரும்பாலும் கண்ணைவிட்டு அகல்வதில்லை. வழியில் வரும் கிளென்கைல் ராப் ராய் 1671இல் பிறந்த இடம். மெக்ரெகர் குலத்தாரின் பழைய இடுகாடும் ஏரியோரத்தில் உள்ளது.

ஏரியில் நூறாண்டுக்கும் மேலாகப் பயணிகளை ஏற்றிய ‘சர் வால்டர் ஸ்காட்’ என்னும் நீராவிக் கப்பல், டம்பார்ட்டனில் கட்டப்பட்டு, பின் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, லொக் லோமண்ட் வழியே படகிலும் அங்கிருந்து மலைமேல் குதிரை வண்டியிலும் கொண்டுவரப்பட்டு, ஸ்ட்ரோனக்லாக்கரில் மீண்டும் பொருத்தப்பட்டது. படகில் மிதிவண்டியை ஏற்றிக்கொண்டு ஏரியின் மேல்கோடிக்குச் சென்று, அங்கிருந்து கரைவழியாக ஓட்டித் திரும்புவதே இங்கு வழக்கம்.

பழைய நெடுஞ்சாலை, கால்வாய்க்கரை, காட்டுவழி

பரப்பளவில் பிரிட்டன் தீவின் மிகப் பெரிய ஏரியான லொக் லோமண்டின் மேற்குக் கரையில், பேலக் முதல் டார்பெட் வரை சுமார் 27 கி.மீ. நீளும் பாதையின் பெரும்பகுதி, ஏ82 நெடுஞ்சாலை அகலப்படுத்தி நேராக்கப்பட்டபோது ஒதுங்கிய பழைய சாலையே. ஆனால் கேட்ரின் ஏரியின் தனிமை இங்கில்லை. புதிய நெடுஞ்சாலை பல இடங்களில் கூப்பிடு தூரத்திலேயே ஓடுவதால் அதன் இரைச்சல் உடன்வருகிறது. கிளாஸ்கோவிலிருந்து ரயிலிலேயே பேலக் சென்றுவிடலாம் என்பது இப்பாதையின் பெரும் வசதி.

கால்வாய்களின் கரையில் குதிரைகள் நடந்து படகை இழுப்பதற்காக இடப்பட்ட இழுவைப்பாதைகளும் இவ்வாறே பயன்பட்டன. 1801இல் திறக்கப்பட்ட 14 கி.மீ. நீளக் கிரினன் கால்வாயின் கரையும், தாமஸ் டெல்ஃபோர்டு வகுத்து 1822இல் திறக்கப்பட்ட கலடோனியன் கால்வாயின் கரையில் சில பகுதிகளும் மேற்குக் கடற்கரையிலிருந்து இன்வர்னெஸ் செல்லும் 78ஆம் எண் வழியில் அடங்கும். கடலிலிருந்து கடலுக்கு 60 மைல் நீளும் கலடோனியன் கால்வாயில் மனிதர் வெட்டியது மூன்றில் ஒரு பங்கே, மற்றவை இயற்கையான ஏரிகள்; ஃபோர்ட் வில்லியம் அருகே பனவியில் எட்டு மதகுத் தொட்டிகள் படிப்படியாகக் கப்பல்களை ஏறத்தாழ 19 மீட்டர் உயர்த்துவதை மிதிவண்டியை நிறுத்திப் பார்க்கலாம். அதே வழியில் லொக் ஓய்க்கின் கிழக்குக் கரையில் செல்லும் தடம், 1903இல் தொடங்கி இலாபம் காணாமலே மறைந்த ஒரு சிறு ரயில்வேயின் மிச்சம்.

ஆபர்ஃபாயிலுக்கும் கேலண்டருக்கும் இடையே வழியைத் தந்தது மரத்தொழில். முதல் உலகப்போரில் மரத் தட்டுப்பாட்டை உணர்ந்த அரசு 1919இல் வனத்துறை ஆணையத்தை நிறுவி, மலைச்சரிவுகளில் ஊசியிலை மரங்களைப் பெருமளவில் நட்டது. வெட்டிய மரத்தைக் கொண்டுசெல்வதற்காக இட்ட சரளைச் சாலைகள் இப்போது மிதிவண்டி வழியாகவும் பயன்பட்டு, லொக் வெனகரின் தென்கரை வழியே கேலண்டரில் ரயில் தடத்தோடு இணைகின்றன.

இணைத்தவர்களும் இசைவளித்த சட்டமும்

சிதறிக் கிடந்த இத்துண்டுகள் தாமாகவே ஒரு வழியாகிவிடவில்லை. 1977இல் பிரிஸ்டல் நகரில் மிதிவண்டி ஆர்வலர்கள் சிலர் தொடங்கிய குழு, பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையே கைவிடப்பட்ட ரயில் தடத்தைத் தன்னார்வலர்களின் உழைப்பால் பாதையாக்கியது. பின்னர் ‘சஸ்டிரான்ஸ்’ என்னும் அறக்கட்டளையாக வளர்ந்த அக்குழுவுக்கு 1995இல் தேசிய லாட்டரி நிதியிலிருந்து நான்கு கோடி பவுண்டுக்கும் அதிகமான தொகை கிடைத்ததும், நாடு தழுவிய வலையமைப்பு உருப்பெற்றது. கிளாஸ்கோவிலிருந்து இன்வர்னெஸ் வரை 340 கி.மீ.க்குமேல் செல்லும் 7ஆம் எண் வழியின் வடபகுதி அதன் பயனே.

ஸ்காட்லாந்துக்கு மட்டும் உரிய மற்றொரு துணை, 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம். 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அதன் முதற்பகுதி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் மோட்டார் இன்றி, அதாவது நடந்தோ மிதிவண்டியிலோ குதிரையிலோ, பெரும்பாலான நிலத்திலும் நீர்நிலைகளிலும் செல்லலாம் என்று உரிமை அளித்தது. வீட்டு முற்றமும் பயிர் நிற்கும் வயலும் போன்றவை விலக்கு. இங்கிலாந்தில் நடைபாதையாகப் பதிவான வழியில் மிதிவண்டி ஓட்ட உரிமை இல்லை, குதிரைப்பாதை போன்ற சிலவற்றில் மட்டுமே உண்டு என்பதோடு ஒப்பிட்டால், இச்சட்டத்தின் அருமை விளங்கும்.

குறைகளும் உள்ளன

தேசிய வலையமைப்பு என்ற பெயரைக் கேட்டதும் முழுவதும் கார் இல்லாத பாதை என்று எண்ணிவிடக் கூடாது. அதன் மொத்த நீளத்தில் பாதிக்கும் குறைவான பகுதியே போக்குவரத்து அற்றது, மற்றவை பொதுச்சாலைகள். போக்குவரத்து மிகுந்து ஆபத்தானவை என்று கருதப்பட்ட பகுதிகளை, வலையமைப்பின் கால்பங்கு அளவுக்கு, 2020இல் சஸ்டிரான்ஸே பட்டியலிலிருந்து நீக்கவோ தரம் குறைக்கவோ நேர்ந்தது. 7ஆம் எண் வழியிலும் கில்லினைத் தாண்டியதும் லொக் டேயின் தென்கரையில் ஒடுங்கிய பொதுச்சாலையில்தான் செல்ல வேண்டும். 450 மீட்டருக்குமேல் உயர்ந்த டிரமோக்டர் கணவாயில் பாதை தனியே இருந்தாலும், ஏ9 நெடுஞ்சாலையின் இரைச்சல் பக்கத்திலேயே இருக்கும்.

இடைவெளிகளுக்கு முதன்மையான காரணம், மூடப்பட்ட தடங்களின் நிலம் துண்டு துண்டாக அண்டை நிலக்காரர்களுக்கு விற்கப்பட்டதும் பாலங்கள் பிரித்தெடுக்கப்பட்டதுமே. லொக் எர்னின் வடகரையில் 1951இல் மூடப்பட்ட கிளைத்தடத்தைப் பாதையாக்கும் பணி பல்லாண்டுகளாகக் கட்டம் கட்டமாகவே நகர்வதை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். இதில் முரண் ஒன்றும் உண்டு: ரயில் தடத்தின்மேல் அமைந்த பாதையின் வாயிலான கேலண்டருக்கு இன்று ரயிலே இல்லை, அருகிலுள்ள டன்பிளேன் அல்லது ஸ்டெர்லிங் நிலையத்தில் இறங்கிச் சாலைவழியே வர வேண்டியிருப்பதால், கார் இல்லாத பாதையில் ஓட்டுவதற்குப் பலர் மிதிவண்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகின்றனர்.

செல்ல விரும்புவோருக்கு

மே மாதமும் செப்டம்பரும் ஏற்ற காலம். கோடையின் நடுவில் பகல் பதினேழு மணி நேரத்திற்கும் மேல் நீளும் என்றாலும், ‘மிட்ஜ்’ என்னும் கடிக்கும் நுண்பூச்சிகள் காற்றில்லாத ஈரமான காலையிலும் மாலையிலும் கூட்டமாக மொய்க்கும். மெல்லிய காற்று வீசினாலே அவை அடங்கிவிடும் என்பதால், நிற்காமல் ஓட்டுபவரை அவை அதிகம் தொல்லைப்படுத்துவதில்லை. மழை எந்த மாதத்திலும் வரும். சரளைப் பகுதிகள் மிகுதியாதலால் மெல்லிய பந்தயச் சக்கரத்தைத் தவிர்த்து, 35 மி.மீ. அல்லது அதற்குமேல் அகலமுள்ள டயர் பொருத்திய வண்டியைத் தேர்வது நல்லது. கேலண்டரிலும் டிராசக்ஸ் படகுத்துறையிலும் வாடகைக்கு வண்டி கிடைக்கும். ஒரே நாள் உள்ளவர்கள் கேலண்டர்–ஸ்ட்ராத்தயர் பாதையையும், இரண்டாம் நாள் கிடைப்பவர்கள் கேட்ரின் ஏரியின் வடகரையையும், ஏறும் உறுதியுள்ளவர்கள் கிளென் ஓகிலையும் தேர்ந்தெடுக்கலாம்.

ஸ்காட்லாந்தின் அனுபவத்திலிருந்து பிற நாடுகள் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. ஒரு ரயில் தடமோ கால்வாயோ பயனற்றுப் போகும்போது அதன் தண்டவாளத்தை விற்பதால் வரும் நட்டம் சிறிது. தொடர்ச்சியான அதன் நிலத்தைத் துண்டாக்கி விற்பதால் வரும் நட்டமோ பின்னர் எந்த விலை கொடுத்தாலும் முழுமையாக ஈடுசெய்ய முடியாதது. எனவே தடத்தை மூடும் அரசுகள், அடுத்த பயன் இன்னதென்று தெரியாத நிலையிலும், அந்த நிலத்தை மட்டுமாவது முழுமையாகப் பொதுவுடைமையில் வைத்திருக்க வேண்டும்.